பதவி ஓர் அமானிதம்: ஓமந்தூரார் ஆட்சி தரும் படிப்பினை



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தானது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்து ஓமந்தூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் அவ்வூரின் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒருவர், நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தார். அவர்தாம் ஓ. பி. ராமசாமி ரெட்டியார். மக்கள் அவரை ஓமந்தூரார் என்றே அழைத்தனர். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை, ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள் அவர் பதவியில் இருந்தார். அந்தக் குறுகிய காலம் பதவியைப் பற்றி நமக்குக் கற்றுத் தருவது என்ன என்பதையே இக்கட்டுரையில் சிந்திக்க இருக்கிறோம்.

நீதியை எங்கே கண்டாலும்

ஜும்ஆ உரைகளைத் தாங்கி வரும் இதழில் மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த ஆட்சியாளர் ஒருவரின் வரலாறு ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை உண்டு.

மக்காவில் முஸ்லிம்கள் சொல்லொணாத் துன்பத்துக்கு ஆளானபோது, நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், தம் தோழர்களை அபிசீனியாவுக்குச் செல்லுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்நாட்டை ஆண்ட நஜாஷி மன்னர் அப்போது கிறிஸ்தவர். அவருடைய ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே அந்நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அதற்கும் முன்னர், நபித்துவம் வருவதற்கு முந்தைய இளமைப் பருவத்தில், அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில் கூடிய மக்கத்துப் பெரியவர்கள் அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 'ஹில்ஃபுல் ஃபுளூல்' எனப்படும் அந்த உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்களும் பங்கு கொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்ற கருத்தில் அதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

ஆகவே, நீதியை எவரிடத்தில் கண்டாலும் அதை நீதி என்று ஒப்புக்கொள்வது நபிவழி. அதே நேரத்தில், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. விருப்பும் நீதி தவறச் செய்யும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எனவே, ஓமந்தூரார் ஆட்சியின் நிறைகளோடு குறைகளையும் சேர்த்தே பார்ப்போம்.

ஓமந்தூரிலிருந்து கோட்டைக்கு

ஓமந்தூரார் பிறந்த காலத்தில் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். காங்கிரஸ் பேரியக்கத்தில் சேர்ந்து விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், காந்தியடிகளின் வழியில் கதராடை உடுத்தி எளிய வாழ்வு வாழ்ந்தார். வடலூர் இராமலிங்க வள்ளலாரிடமும் திருவண்ணாமலை ரமணரிடமும் பெரும் பற்றுக் கொண்டிருந்தார்.

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டோடு கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென்கன்னடம் ஆகிய பகுதிகளையும் உள்ளடக்கிய பெரும் நிலப்பரப்பு. 1946ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பிரகாசம் அவர்கள் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. ஓராண்டு நிறைவதற்குள் கட்சிக்குள் எழுந்த பிணக்கால் அவர் விலக நேர்ந்தது. காமராஜரின் ஆதரவோடு ஓமந்தூரார் கட்சியின் சட்டமன்றத் தலைவரானார். மாகாண ஆட்சித் தலைவரை அந்நாளில் 'பிரதமர்' என்றே அழைத்தனர். 'முதலமைச்சர்' என்ற பெயர் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950க்குப் பின்னர் வந்தது.

அதே சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தவர் யார் தெரியுமா? நம் சமுதாயத்தின் பெருந்தலைவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்! 1946 தேர்தலில் முஸ்லிம்களுக்கென இருந்த 28 தனித்தொகுதிகளையும் முஸ்லிம் லீக் வென்றிருந்தது. ஆளும் வரிசையில் திண்டிவனத்து உழவர். எதிர் வரிசையில் நெல்லை மண்ணின் மைந்தர். பிரிவினையின் புண் ஆறாத அந்நாட்களில், 1948 மார்ச் 10 அன்று சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை நம் முன்னோர் உருவாக்கினார்கள். இந்த மண்ணைவிட்டு நாங்கள் எங்கும் போகப்போவதில்லை, இதன் குடிமக்களாக இங்கேயே உரிமையோடு வாழ்வோம் என்பதே அந்தக் கூட்டம் நாட்டுக்கு உணர்த்திய செய்தி. இந்தச் சூழலை மனத்தில் நிறுத்திக்கொண்டு அந்த இரண்டாண்டுச் சட்டங்களைப் பாருங்கள்.

சட்டங்கள் பகரும் சாட்சி

பதவியேற்ற ஓரிரு மாதங்களில், 1947 மே மாதத்தில், ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் நிறைவேறியது. தீண்டாமையின் பெயரால் கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்த மக்களுக்கு அது மாகாணம் முழுவதும் வழி திறந்தது. இறையில்லத்தில் அரசனும் ஏவலனும் தோளோடு தோள் உரச நிற்கும் தொழுகை வரிசையை நன்கறிந்த நமக்கு, அந்தச் சட்டத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க, 1927இல் சட்டசபையில் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய போராட்டம் இருபது ஆண்டுகள் கழித்து முழு வெற்றி கண்டது. பெண் மகவை உயிரோடு புதைத்த சமுதாயத்தில் அவளுக்கு வாழ்வும் சொத்தும் கண்ணியமும் பெற்றுத் தந்த நபியின் உம்மத்தினர் நாம். ஒரு பெண் பிள்ளையின் மானம் எந்தச் சமயத்தின் பெயரால் பறிக்கப்பட்டாலும் அதைத் தடுப்பவரை நாம் போற்றவே செய்வோம்.

அடுத்து ஜமீன் ஒழிப்பு. 1802இல் ஆங்கிலேயர் வகுத்த நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி ஜமீன்தார்கள் உழவர்களிடம் தண்டிய குத்தகையைக் குறைக்க 1947இல் ஒரு சட்டம் வந்தது. தொடர்ந்து, ஜமீன்களையே ஒழித்து நிலங்களை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவர 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இயற்றப்பட்டது. நிலமுடையோரும் செல்வரும் நிறைந்திருந்த ஒரு கட்சியின் அரசுதான் இதைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருந்தபோதிலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் கட்டளை. ஹிஜ்ரி 99இல் கலீஃபாவான உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், முறைகேடாகச் சேர்ந்த சொத்துக்களை மீட்கும் பணியைத் தமது குடும்பத்தாரிடமிருந்தே தொடங்கினார்கள். அருமை மனைவி ஃபாத்திமா அவர்களின் நகைகளும் பைத்துல்மாலுக்குச் சென்றன என்று வரலாறு கூறுகிறது. எதிரியிடம் நீதி பேசுவது எளிது. தன்னவரிடம் அதை நிலைநாட்டுவதே கடினம்.

மதுவுக்கு விழுந்த பூட்டு

முஸ்லிம் குடும்பங்கள் குறிப்பாக நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1937 அக்டோபரில் இராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2ஆம் நாள் ஓமந்தூரார் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்று ஓராண்டே ஆன அரசு, உணவுப் பஞ்சத்தோடு போராடிக்கொண்டிருந்த அரசு, கள், சாராய வருவாயை வேண்டாமென்று தள்ளியது! மதுவில் சில பயன்கள் இருப்பினும் அதன் தீமையே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் போட்டுக் காட்டும் கணக்கை ஓர் அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலேயே ஏற்றுக்கொண்ட காலம் அது.

1971இல் அந்த மதுவிலக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில் மதுவிலக்கு திரும்பி வந்ததும் மீண்டும் போனதும் உண்டு. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை மதுக்கடைகளை நடத்தத் தொடங்கியது. ஓமந்தூரார் பிறந்த அதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் நச்சுச் சாராயம் அருந்திப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எத்தனை தாலிகள் அறுந்தன! எத்தனை பிள்ளைகள் தந்தையை இழந்தனர்! சட்டம் மட்டும் போட்டால் குடி ஒழிந்துவிடாது என்பதும், மதுவிலக்கு இருந்த காலத்திலும் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டது என்பதும் மெய்தான். ஆனால், குடிமகனின் குடியால் கருவூலம் நிறைவதை வெட்கமாகக் கருதிய ஆட்சி ஒன்று இங்கே இருந்தது என்பதும் மெய்.

பதினான்கில் ஒன்று

இனி, நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் செய்திக்கு வருவோம். அரசு வேலைகளை வகுப்பு வாரியாகப் பகிர்ந்தளிக்கும் 'கம்யூனல் ஜி.ஓ.' எனும் அரசாணை 1920களின் இறுதியிலேயே சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி ஒவ்வொரு 12 இடங்களிலும் முஸ்லிம்களுக்கு 2 இடங்கள். 1947 நவம்பரில் ஓமந்தூரார் அரசு அதைத் திருத்தியது. இடங்கள் 14 ஆக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

கணக்கைக் கூர்ந்து பாருங்கள். பன்னிரண்டில் இரண்டாக இருந்த நமது பங்கு பதினான்கில் ஒன்றாகச் சுருங்கியது. இதை மறைத்து ஓமந்தூராரைப் புகழ்வது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது பிரிவினை நிகழ்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்த நேரம். முஸ்லிம்களுக்கு இனி எதற்குத் தனியிடம் என்று நாடெங்கும் குரல்கள் எழுந்த நேரம். 1949 மே மாதம் தில்லி அரசியல் நிர்ணய சபையில், சிறுபான்மையினருக்கான சட்டமன்ற ஒதுக்கீடு, காயிதே மில்லத் அவர்கள் எழுந்து நின்று வாதாடியும், கைவிடப்பட்டது. அத்தகைய காலத்தில் சென்னை மாகாண அரசாணையில் முஸ்லிம் என்ற பெயர் நீக்கப்படவில்லை. பிற்பட்ட இந்துக்களுக்கென ஒரு தனிப் பிரிவும் அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. இதற்காகவே ஓமந்தூராரை அவர் கட்சியினரில் சிலர் 'தாடியில்லாத பெரியார்' என்று ஏளனம் செய்ததாகச் சொல்வதுண்டு.

பின்னர் 1950இல் சென்னை உயர்நீதிமன்றமும் 1951இல் உச்சநீதிமன்றமும் அந்த அரசாணை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தன. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, 1951இலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 2007இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டபோது, நின்றுபோயிருந்த அந்தப் பழைய வரி மீண்டும் எழுதப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் ஒதுக்கீட்டின் வழியே மருத்துவக் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ இடம்பெறும்போது, அந்த ஓரிடத்துக்குப் பின்னே இருபதாம் நூற்றாண்டின் நெடிய வரலாறு இருப்பதைப் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

குறைகளையும் பதிவு செய்வோம். 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க அவர் அரசு முற்பட்டபோது பெரியார் தலைமையில் எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படை அதே ஆண்டில் தடை செய்யப்பட்டது. பொது அமைதிச் சட்டத்தின் பெயரால் பொதுவுடைமைக் கட்சியினர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். எவருடைய ஆட்சியும் குறையற்றதன்று. எல்லா ஆட்சியாளரும் தத்தம் ஏட்டோடு இறைவன் முன்னே நிற்கத்தான் போகிறார்கள்.

சிபாரிசும் அன்பளிப்பும்

ஓமந்தூராரைப் பற்றி எழுதியோர் ஒருமித்துக் கூறும் பண்பு ஒன்று உண்டு. சிபாரிசுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. அரசு அலுவலர் மாற்றம், உரிமங்கள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் கட்சிக்காரர்களின் தலையீட்டை அவர் விரும்பவில்லை. எதிர்க்கட்சியினரின் பகையைவிடத் தம் கட்சியினரின் மனக்கசப்பையே அவர் மிகுதியாகச் சம்பாதித்தார்.

அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையின் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் வினவினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்ற செய்தி இது. பதவியில் இருப்பவருக்கு வரும் ஒவ்வொரு பரிசும் அவருக்கு வருகிறதா, அவருடைய நாற்காலிக்கு வருகிறதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். கையூட்டுக்கு எத்தனை பெயர் மாற்றம் செய்தாலும் அது அகப்பட்டுக்கொள்ளும்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தல்

1949 ஏப்ரலில் கட்சியின் ஆதரவு மாறியது. குமாரசாமி ராஜா ஆட்சித் தலைவரானார். ஓமந்தூரார் விலகினார். எந்தக் கட்சி அரசியல் அவரை அமர்த்தியதோ அதுவே அவரை இறக்கியது. அப்போது அவருக்கு வயது 54தான். புதுக்கட்சி தொடங்கவும் பழைய கணக்குத் தீர்க்கவும் காலமும் செல்வாக்கும் இருந்தன. அவரோ வடலூருக்குச் சென்றார். கல்விக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் தம் எஞ்சிய வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1970 ஆகஸ்ட் 25ஆம் நாள் காலமானார்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளை எண்ணிப் பாருங்கள். கஅபாவின் சாவி பரம்பரையாக உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடம் இருந்து வந்தது. அன்று அது நபி (ஸல்) அவர்களின் திருக்கரத்துக்கு வந்தது. அதைத் தமக்குத் தருமாறு நெருங்கிய உறவினரே கேட்டும், பெருமானார் (ஸல்) அவர்கள் உஸ்மானை அழைத்து அவரிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், மக்களிடையே தீர்ப்பளித்தால் நீதியோடு தீர்ப்பளிக்க வேண்டும் என்று பணிக்கும் அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இந்நிகழ்ச்சியையொட்டி அருளப்பெற்றதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அமானிதமும் நீதியும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். சாவி கைக்கு வருவது சோதனையின் தொடக்கம். அதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதே அதன் முடிவு.

பதவி வேண்டி நின்ற அபூதர் (ரலி) அவர்களிடம், அது ஓர் அமானிதம், உரிய முறையில் பெற்று அதன் கடமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவருக்கு மறுமையில் அது இழிவும் வருத்தமுமாகும் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அபூதரைவிடத் தூய்மையான உள்ளம் படைத்தவர் யார்? அவருக்கே அந்த எச்சரிக்கை என்றால், பள்ளிவாசல் நிர்வாகப் பதவிக்கே பகைத்துக்கொண்டு இரண்டு ஜமாஅத்தாகப் பிரிந்து நிற்கும் நாம் எங்கே?

நம் கடமை

அன்பர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். உங்கள் பொறுப்பில் உள்ளோர் பற்றி நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள் என்பது நாம் அடிக்கடி கேட்கும் நபிமொழியின் கருத்து. சட்டமன்ற உறுப்பினரை மட்டுமன்றி, அவரைத் தேர்ந்தெடுக்கும் நம்மையும் அது பிணைக்கிறது. வாக்குச்சீட்டு நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதைப் பணத்துக்கு விற்றுவிட்டு, வென்றவர் ஊழல் செய்கிறார் என்று புலம்புவதில் பொருளில்லை. அவர் நம்மிடம் விலை கொடுத்து வாங்கியதையே வெளியில் விற்கிறார்!

தகுதியுள்ள வேறொருவரின் இடத்தைப் பறித்துத் தம் பிள்ளைக்குத் தருமாறு சிபாரிசுக் கடிதம் தேடி அலையும் தந்தை, அமானிதத்தைச் சிதைக்க ஆட்சியாளரை அழைக்கிறார். வக்ஃபு நிலத்தைச் சொற்ப வாடகைக்குத் தம் உறவினருக்கு விடும் முத்தவல்லி, தம்மளவில் ஒரு ஜமீனை நடத்துகிறார். கணவர் கொண்டுவரும் வருவாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை இல்லத்தரசிக்கு உண்டு. உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் நீதி நிலைத்ததற்கு, நகைகளைக் கழற்றித் தந்த அந்த அம்மையாரும் ஒரு காரணம்.

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் பெயர் தாங்கிய அரசினர் தோட்டம் இருக்கிறது. அங்கே 2010இல் சட்டமன்றத்துக்கெனத் திறக்கப்பட்ட கட்டடம், 2014 முதல் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக ஏழை நோயாளிகளுக்குப் பயன்பட்டு வருகிறது. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில், 1972இல் மறைந்த காயிதே மில்லத் அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். ஒரே அவையில் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவர். அந்த வழியே செல்ல நேர்ந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களையும் காட்டுங்கள். பதவி போன பின்னும் மரியாதை போகாத மனிதர்கள் இந்த மண்ணில் வாழ்ந்தார்கள் என்று சொல்லுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், பொறுப்புகளை அமானிதமாகக் கருதும் உள்ளத்தை நமக்கும் நம்மை ஆள்வோருக்கும் தந்தருள்வானாக! நம் இல்லங்களையும் நம் நாட்டையும் மதுவின் தீமையிலிருந்தும் அநீதியிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!